ஃபெரி ஹவுஸிலிருந்து இருநூறு அடி

ஹார்ட்ஸ்ஃபெரி, நியூ ஜெர்சி
மார்ச் 3, 2025

தமிழ்ச் சபைச் செயலாளர் திரு. தேவநேசன் அவர்களுக்கு,

வணக்கம். உங்களை இப்படி அழைத்து எனக்குப் பழக்கம் இல்லை. இத்தனை வருஷமாக வாய் நிறைய அண்ணா என்று கூப்பிட்டவள் நான். ஆனால் நகரசபைக்கு நீங்கள் அனுப்பிய ஆட்சேபக் கடிதத்தில் என்னை ‘விண்ணப்பதாரர், திருமதி தாமரைச்செல்வி ரஞ்சித்குமார்’ என்று எழுதியிருந்தீர்கள். சரி, நாமும் மரியாதையாகவே பேசிக்கொள்வோம் என்று முடிவு பண்ணிவிட்டேன்.

போனில் கூப்பிடாமல் எதற்குத் தபால் என்று கேட்பீர்கள். என் வக்கீல் உத்தரவு. விண்ணப்பம் முடியும்வரை சபையோடு பேசுவதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டுமாம், வாட்ஸ்அப்பும் கூடாதாம். இந்த ஃபெரி ஹவுஸ் சமையலறை ஜன்னலில் நின்றால் உங்கள் தேவாலயத்துச் சபை ஆபீஸ் ஜன்னல் தெரிகிறது. நடுவில் ஒரு பார்க்கிங் லாட், அவ்வளவுதான். என் மகள் தீக்ஷா விழுந்து விழுந்து சிரிக்கிறாள். “அம்மா, யூ கேன் ஜஸ்ட் வேவ் அட் ஹிம்” என்கிறாள். கை காட்டுகிற நிலைமையிலா இருக்கிறோம்?

விஷயத்துக்கு வருகிறேன். ஆற்றில் படகுத்துறை இருந்த காலத்திலிருந்து இந்த ஊருக்கு ஒரே ஒரு பப், ஃபெரி ஹவுஸ். வெள்ளத்தில் மூழ்கி மூடிக் கிடக்கும் அதை நான் திறக்கப் போகிறேன். கம்பெனி என்னை லேஆஃப் பண்ணியது உங்களுக்குத் தெரியும். அதனால் கிறுக்குப் பிடித்து இதில் இறங்கவில்லை. நாங்கள் அமெரிக்கா வந்த புதிதில், கிரெடிட் ஹிஸ்டரி இல்லை என்று எல்லாரும் கையை விரித்தபோது, மாடியறையை எங்களுக்கு வாடகைக்கு விட்டவள் இந்தப் பப்பை நடத்திய மார்கிட். தீக்ஷாவைப் பெற்று வீட்டுக்கு வந்த அன்றைக்கு எனக்குச் சூப் வைத்துக் கொடுத்தவளும் அவள்தான். அவள் இறந்தபின் கட்டடமும் லைசென்ஸும் அரிசோனாவில் இருக்கும் அவள் தங்கை மகனுக்குப் போயின. எனக்குக் கொடுக்க அவன் சம்மதித்திருக்கிறான். ஆனால் லைசென்ஸ் புதுப்பிக்கும் கெடுவான ஜூன் முப்பதுக்குள் அது மறுபடி இந்தக் கட்டடத்தில் உட்கார வேண்டும். இல்லாவிட்டால் ஹைவே ஓரம் வரப்போகும் ஒரு பெரிய ரெஸ்டாரன்டுக்கு விற்றுவிடுவான். இங்கே ஜனத்தொகைக்குத் தகுந்தபடிதான் பப் லைசென்ஸ். நம் ஊருக்கு இருப்பது இது ஒன்றுதான். அது போனால் ஃபெரி ஹவுஸ் என்றைக்குமே திறக்காது.

தேவாலயத்திலிருந்து இருநூறு அடிக்குள் மதுக்கடை வருவதென்றால் சபை எழுத்தில் சம்மதிக்க வேண்டும் என்பது சட்டம். அந்தச் சம்மதத்தைத்தான் கேட்டேன். நீங்கள் ஆட்சேபம் எழுதினீர்கள். அதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? ஏனுங்க, நான் என்ன ஊர் பேர் தெரியாதவளா?

இப்படிக்கு,
விண்ணப்பதாரர்


மார்ச் 11, 2025

அன்பான சகோதரி தாமரைச்செல்விக்கு,

ஸ்தோத்திரம். உங்கள் கடிதம் எந்தெந்த ஊரெல்லாமோ சுற்றிவிட்டு நேற்றுத்தான் வந்தது. கவரைப் பார்த்ததுமே யூனிஸ் என் கையிலிருந்து பிடுங்கிப் படித்துவிட்டாள். படித்தபின் என் மனைவி கேட்டதை அப்படியே எழுதுகிறேன்: “அந்தப் புள்ளைட்ட ஒரு வார்த்த கேட்டா உங்க வாயில இருக்க முத்து உதுந்துருமோ?”  பதிலை உங்களுக்கே சொல்கிறேன்.

கேட்காததற்குக் காரணம் பயம்தான். நீங்கள் எதிரே உட்கார்ந்து, அந்தக் கோபிச்செட்டிபாளையத்துப் பேச்சில் நாலு வார்த்தை பேசினால் நான் தலையாட்டிவிடுவேன். சபையின் செயலாளராக அப்படித் தலையாட்ட எனக்கு உரிமை இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. என் அப்பா நாசரேத் பக்கத்தில் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். கிறிஸ்துமஸ் பாட்டென்றால் அவர் குரல்தான், நாலு ஊர் கேட்கும். அப்படிப்பட்டவர் குடித்துக் குடித்துச் செத்தார். அம்மா கடைசிவரைக்கும் எல்லாரிடமும் மஞ்சள்காமாலை என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். இந்த ஊரில் இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன், அதுவும் சண்டையில்!

உங்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை, சகோதரி. ஆனால் மதுக்கடைக்குச் சம்மதம் என்று எழுதி அதன் அடியில் என் கையெழுத்தைப் போட மாட்டேன். கை வராது.

யூனிஸ் ஒரு டப்பா கொடுத்தனுப்புகிறாள். அதற்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை என்று உங்கள் வக்கீலிடம் சொல்லிவிடுங்கள்.

தேவநேசன்


மார்ச் 20, 2025

அன்புள்ள அண்ணா,

கோபமாகத்தான் கவரைப் பிரித்தேன். உங்கள் அப்பாவைப் பற்றிப் படித்தபின் கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.   டப்பாவில் இருந்த முந்திரிக்கொத்து தீர்ந்துவிட்டது என்று மட்டும் அக்காவிடம் சொல்லுங்கள்.

ஆனால் மார்கிட்டைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அவள் கடை திறந்திருந்த காலத்தில் நீங்கள் தலையைக் குனிந்துகொண்டே அந்தப் பக்கம் போய்விடுவீர்கள். உள்ளே என்ன நடந்தது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

1956-ல் ஹங்கேரியில் கலவரம் வந்தபோது ஒற்றைப் பெட்டியோடு ஓடி வந்த அகதி அவள். அப்போது அவளுக்குப் பதினெட்டு வயது. இங்கே பாத்திரம் கழுவ வந்தாள், கடைக்காரர் மகனைக் கட்டிக்கொண்டாள். கடை அதைவிடப் பழசு. இந்த நாட்டில் மதுவிலக்கு இருந்த வருஷங்களில் அவள் மாமனாரின் அப்பா படகுக்காரர்களுக்குச் சூப்பும் ரொட்டியும் விற்றே அதை மூடாமல் காப்பாற்றினாராம். விலக்கை எடுத்ததும் நகரசபை கொடுத்த முதல் லைசென்ஸ் அவருக்குத்தான். எதிரே அன்றைக்கு வெள்ளைக்காரர்களின் சபை. ஞாயிறு ஆராதனை முடிந்து ஜனங்கள் வெளியே வரும்வரை கடையைத் திறப்பதில்லை என்று அவராகவே ஒரு வழக்கம் வைத்தார். யாரும் கேட்கவில்லை, எங்கும் எழுதவும் இல்லை.

மார்கிட்டின் புருஷன் சின்ன வயதிலேயே போய்விட்டார். லைசென்ஸை அவள் பெயருக்கு மாற்றிக் கொடுத்தார்கள். அப்போது இந்த ஊரில் ஒரு விதி இருந்ததாம். லைசென்ஸ் பெண் பெயரில் இருக்கலாம், வரியும் அவள் கட்டலாம், ஆனால் கவுண்டருக்குப் பின்னால் நின்று ஒரு கிளாஸ் ஊற்றக் கூடாது! அவள் அழவும் இல்லை, சண்டைக்கும் போகவில்லை. சமையலறைச் சுவரை உடைத்துக் கவுண்டரைப் பார்க்க ஒரு ஜன்னல் வைத்தாள். ஊற்றுவதற்கு ஒரு ஆளைப் போட்டுவிட்டு, அந்த ஜன்னலில் நின்றபடி ஒரு மரக்கரண்டியால் கடையை நடத்தினாள். மூன்றாவது கிளாஸ் கேட்பவனுக்கு ஊற்றும் முன்னால் அந்த ஆள் ஜன்னலைத் திரும்பிப் பார்க்க வேண்டும். கரண்டி உயர்ந்தால் கிளாஸ் கிடையாது, சூப்புதான். மேயருக்கும் அதே கரண்டிதான். விதி மாறி அவளே கவுண்டரில் நின்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. நானே பார்த்திருக்கிறேன். அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் இந்தப் பொம்பளையைப்போல ஒரு கடை நடத்த வேண்டும் என்ற ஆசை எனக்கு வந்தது.

இனி வயிற்றெரிச்சல். நகரசபை இன்ஜினியர் சக்கரம் உருட்டி அளந்துவிட்டுப் போனார். வாசலுக்கு வாசல், மனுஷன் நடக்கிற வழியில் அளப்பதுதான் முறையாம். சபையின் முன்வாசலிலிருந்து அளந்தால் ஃபெரி ஹவுஸ் இருநூறு அடிக்கு அப்பால் இருக்கிறது. உங்கள் சம்மதமே தேவையில்லை! லாட் பக்கம் நீங்கள் புதிதாக வைத்தீர்களே ஒரு கதவு, அதிலிருந்து அளந்தால்தான் உள்ளே வருகிறது. கடை மூடாமல் இருந்திருந்தால் பழைய லைசென்ஸ் பழைய இடத்திலேயே தொடர்ந்திருக்கும். வெள்ளத்துக்குப் பிறகு அது கட்டடத்தை விட்டு இறங்கிவிட்டது. மறுபடி ஏற்றுவது புது இடத்துக்கு மாற்றுவது மாதிரியாம், அதனால் புதுக் கதவும் கணக்கில் வந்துவிட்டது.

அந்தக் கதவை எதற்கு வைத்தீர்கள் என்று இன்ஜினியர் என்னிடம் கேட்டார். செருப்பு விட என்றேன். அவருக்குப் புரியவில்லை.

செல்வி


ஏப்ரல் 2, 2025

அன்புள்ள செல்விக்கு,

இனி சகோதரி என்று எழுதினால் சோறு கிடையாது என்று யூனிஸ் சொல்லிவிட்டாள்.

அந்தக் கதவு வந்த கதை உனக்குப் பாதிதான் தெரியும். எங்கள் ஊர் வழக்கத்தில் கோயிலுக்குள் செருப்போடு போக மாட்டோம். இங்கே வந்தும் அது மாறவில்லை. முன்வாசல் படி நேராக நடைபாதையில் இறங்குகிறது, செருப்பையெல்லாம் அங்கேயே விட்டுக்கொண்டிருந்தோம். ஒரு ஜனவரி ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஆராதனையில் இருந்த நேரம் பனி தள்ளும் லாரி வந்து மொத்த சபையின் பூட்ஸையும் பனியோடு சேர்த்துத் தள்ளிக்கொண்டு போய்விட்டது. போதகர் உட்பட அத்தனை பேரும் காலுறைமேல் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு கார் ஓட்டி வீடு போய்ச் சேர்ந்தோம். அந்த வாரமே நான் பிளான் போட ஆரம்பித்தேன். லாட் பக்கம் ஒரு கதவு, அதற்கு ஒரு சின்ன அறை, சுவர் நீளத்துக்கு ஷெல்ஃப். படி இல்லாததால் வீல்சேரும் வரும். பர்மிட்டுக்கு அலைந்தது நான், மேஸ்திரி வேலை பார்த்தது நான். இந்த ஊரில் நான் உருப்படியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போது உன் கடை மூடிக் கிடந்தது. அது யாருக்குக் குறுக்கே வரும் என்று நான் எங்கே கண்டேன்?

கமிட்டியில் மறுபடியும் பேசினேன். நீ எழுதியதைக் கரண்டி வரைக்கும் வாசித்தேன். எல்லாரும் ரசித்துக் கேட்டார்கள். கேட்டுவிட்டு, சம்மதம் இல்லை என்று கை தூக்கினார்கள். நம் பொருளாளர் சொன்னது இது: “நல்ல பொம்பளதான், இல்லங்கல. அதுக்காக நாம கையெழுத்துப் போட்டா நாளைக்கு கர்த்தர் கேப்பாரே, என்னலே இதுன்னு. நீரா பதில் சொல்லுவீரு?”  நானும் கை தூக்கினேன். மன்னிப்புக் கேட்கவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்தக் கரண்டியை மீறி யாராவது தகராறு பண்ணினால் அந்த அம்மா என்ன செய்வாள்?

தேவநேசன்


ஏப்ரல் 14, 2025

அண்ணா,

எழுதவே கூடாது என்றிருந்தேன். கேள்வி கேட்டுவிட்டீர்களே.

தகராறு பண்ணினால் கார் சாவியை வாங்கிச் சூப் பானைக்குப் பக்கத்தில் மாட்டிவிடுவாள். பிறகு அவன் பெண்டாட்டிக்குப் போன் போட்டு, “உன் ஆள் என்னிடம் பத்திரமாக இருக்கிறான், அவசரமில்லை, சாப்பிட்டுவிட்டு வா” என்பாள். ஒரு தடவை ஒருவன் அவளைக் கெட்ட வார்த்தை சொல்லிவிட்டான். அன்று இரவு சும்மா விட்டாள். மறுநாள் காலையில் அவன் வீட்டு வாசலுக்கே போய் நின்று, “நேற்றுச் சொன்னதை இப்போது தெளிவாக இருக்கும்போது சொல்லு” என்றாளாம். அதன் பிறகு அவன் இந்த ஊரில் குடித்ததே இல்லை. அப்படி ஒரு பொம்பளையை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

அரிசோனாக்காரன் கூப்பிட்டான். ஹைவேக்காரர்கள் பேப்பரெல்லாம் ரெடி பண்ணிவிட்டார்களாம். ஜூன் முப்பதுக்கு மேல் ஒரு நாளும் பொறுக்க மாட்டேன் என்றான். ரஞ்சித் சமையலறைக்குப் போய் அடுப்பைத் துடைத்தார். அவருக்கு மனசு கஷ்டமானால் அடுப்பைத்தான் துடைப்பார்.

செல்வி


மே 5, 2025

செல்வி,

எனக்கு உன் மேல் கோபம். இந்த முறை நிஜமாகவே.

விசாரணைத் தேதியைக் கேட்க நகரசபை ஆபீசுக்குப் போயிருந்தேன். அங்கே தலை நரைத்த கிளார்க் அம்மா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எல்லாரும் எங்கே வண்டி நிறுத்துகிறீர்கள்?” என்று கேட்டாள். நகரசபை லாட்டில் என்றேன். “இந்த ஊரில் நகரசபைக்கு லாட்டே கிடையாதே” என்றாள். 

அது மார்கிட்டின் லாட். வெள்ளைக்காரர் சபை கலைந்து, கட்டடத்தை நம் சபை வாங்க வந்தபோது அக்கம்பக்கத்தார் நகரசபையில் எழுந்து நின்று எதிர்த்தார்களாம். வண்டி நிறுத்த இடம் இல்லை, பாட்டுச் சத்தம் கேட்கும், சமையல் வாசனை வரும் என்று. இடம் காட்டாவிட்டால் அனுமதி இல்லை என்று தலைவர் முடிக்கப் போன நேரம் கடைசி வரிசையிலிருந்து மார்கிட் எழுந்தாளாம். “என் லாட்டை எடுத்துக்கொள்ளட்டும். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிவரை எனக்கு அது எதற்கு? இந்த ஊருக்கு நானும் அகதியாக வந்தவள்தான்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாளாம். சபைக்கு அனுமதி கிடைத்ததே அந்தப் பேச்சால்தான். இதைச் சொல்லும்போது கிளார்க் அம்மாவின் கண் கலங்கிவிட்டது.

அப்போது நான் எடிசனில் வேறு சபையில் இருந்தேன். அன்றைக்குச் செயலாளராக இருந்த ஜெரிஷ் இப்போது டெக்சஸில் ரவுண்ட் ராக்கில் இருக்கிறான். போன் போட்டேன். “அய்யோ, ஆமா அண்ணாச்சி! கூரை ஒழுகுது, பெயின்ட் அடிக்கணும்னு அலஞ்ச நேரம், யார்ட்டயும் சொல்லாமலே விட்டுட்டேன். நன்றி சொல்லலாம்னு பாத்தா அந்தம்மா நிக்கல” என்கிறான். எத்தனை வருஷம்! அவள் இடத்தில் வண்டியை நிறுத்தி, அவள் இடத்தைப் பார்த்துக் கதவும் வைத்து, அந்தக் கதவாலேயே அவள் கடையை அடைத்திருக்கிறோம்.

நீ அப்போது அவள் மாடியில்தானே குடியிருந்தாய்? உனக்குத் தெரியும். முதல் கடிதத்திலேயே இந்த ஒரு வரியை நீ எழுதியிருந்தால் நான் ஆட்சேபக் கடிதத்தை அன்றைக்கே கிழித்துப் போட்டிருப்பேனே! ஏன் சொல்லவில்லை?

தேவநேசன்


மே 12, 2025

அன்புள்ள அண்ணா,

ஆமாம், தெரியும். அன்றைக்குக் கைக்குழந்தையோடு மார்கிட் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இங்கிலீஷ் சரியாகப் புரியாத காலம். எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி இவள் என்னத்தைச் சொன்னாள் என்று வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன். “ஒன்றுமில்லை, லாட்டைப் பற்றிக் கேட்டார்கள்” என்றாள். மறுநாள் ரஞ்சித் கடையில் கேட்டு வந்து சொல்லித்தான் முழுசும் எனக்குத் தெரிந்தது.

வக்கீலும் இதைச் சொல்லச் சொன்னார். கட்டடத்தோடு சேர்ந்த லாட்தானே, சங்கிலி போட்டு அடைத்துவிடு, சபை தானாக வழிக்கு வரும் என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. அவள் சும்மா கொடுத்ததைக் காட்டி நான் ஒன்று வாங்கினால், அவள் கொடுத்ததை நான் விற்ற மாதிரி ஆகிவிடும். அவள் பேரைச் சொல்லிக் கடை திறக்கிறவள் முதல் காரியமாக அதையா செய்வேன்?

இன்னொன்று. உங்கள் அப்பாவைப் பற்றி எழுதினீர்களே, அதைப் படித்த பிறகு அந்தக் கையெழுத்தே எனக்கு வேண்டாம் என்று தோன்றிவிட்டது. நன்றிக்காகவோ என் முகத்துக்காகவோ நீங்கள் அதைப் போட்டுவிட்டு, பிறகு ஒவ்வொரு ஞாயிறும் என் கடையைப் பார்த்துக் கூசி நிற்பதை நான் பார்க்க வேண்டுமா? சம்மதம் கேட்ட விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொல்லி வக்கீலுக்கு எழுதிவிட்டேன். அவர் என்னைத் திட்டினார்.

ஜூன் முப்பது வந்தால் வரட்டும். நேற்று மார்கிட்டின் அடுப்படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு எழுந்து வந்துவிட்டேன்.

செல்வி


மே 24, 2025

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதத்தை யூனிஸ் சத்தமாக வாசித்தாள், பாதியில் என் கையில் கொடுத்துவிட்டாள். “ஏட்டி, இப்படி ஒரு மனசா உனக்கு” என்று உன்னிடம் பேசுவதுபோல ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள். மீதியை நான் வாசித்தேன்.

நேற்று கமிட்டியைக் கூட்டினேன். லாட் கதையைச் சொன்னேன்.  பொருளாளர் தலையைக் குனிந்துகொண்டு, “இத்தன வருசமா அந்தம்மா இடத்துலயா வண்டிய போட்டோம்?” என்றார். அப்புறம் அவரே, “இப்பவும் சாராயத்துக்குக் கையெழுத்துப் போட என்னால ஆவாது செயலாளரே, ஆனா வேற வழி ஏதும் உண்டுமா?” என்று கேட்டார்.

உண்டு என்றேன். கையெழுத்தே வேண்டாம், கதவை எடுத்துவிடுவோம் என்றேன்.

சத்தம் கிளம்பியது. பனிக்காலத்தில் என்ன செய்வது, செருப்பை எங்கே விடுவது, படியேற முடியாதவர்கள் எப்படி வருவது? நர்ஸாக இருக்கிற ஜோவானா எழுந்தாள். “முன்னாடி ரேம்ப் போடுங்க. வீல்சேர்ல வர்றவங்க சைடு டோரால வர்றது எனக்கு முதல்ல இருந்தே புடிக்கல. அவங்களும் எல்லாரையும் மாதிரி முன்வாசல்ல வரட்டும். செருப்புக்கு உள்ள வராண்டால பிளாஸ்டிக் டப் வாங்கிப் போடுவோம்” என்றாள். ஓட்டெடுத்தோம். பொருளாளர் இரண்டு கையையும் தூக்கினார்.

பூட்டினால் மட்டும் போதாது, சுவராக இருந்தால்தான் வாசல் இல்லை என்று கணக்கு. என் கையால் வைத்த கதவு நிலையை நானே பெயர்க்கிறேன். மனசு வலிக்காது என்று பொய் சொல்ல மாட்டேன், வலிக்கிறது. ரஞ்சித்குமார் உதவிக்கு வருகிறேன் என்று யூனிஸிடம் சொன்னாராம். அவர் வரக் கூடாது. வந்தால் உன் வக்கீல் மறுபடியும் திட்டுவார்.

நீ லைசென்ஸ் விண்ணப்பத்தை மட்டும் வாபஸ் வாங்காதே. சம்மதம் இல்லாமலேயே அது நிற்கட்டும்.

தேவநேசன்


ஜூன் 20, 2025

அன்புள்ள அண்ணா,

லைசென்ஸ் கிடைத்துவிட்டது! ஃபெரி ஹவுஸுக்கே கிடைத்துவிட்டது! தீக்ஷா கத்திய கத்தல் உங்கள் ஆபீஸ் வரை கேட்டிருக்கும்.

நீங்களும் விசாரணை நடந்த ஹாலில் இருந்தீர்கள், ஆனால் முன்வரிசையில் இருந்ததால் உங்களுக்குப் பின்னால் என்ன நடந்தது என்று தெரியாது. காலையில் இன்ஜினியர் மறுபடி சக்கரம் உருட்டியதையும், சுவரைத் தட்டிப் பார்த்ததையும் சொன்னார். தலைவர் உங்களைப் பார்த்து, சபைக்கு ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். நீங்கள் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, “குடிக்கு எங்களுக்கு ஆட்சேபம் உண்டு, எப்போதும் உண்டு. ஆனால் எங்கள் வாசல் இப்போது அந்தப் பக்கம் இல்லை” என்றீர்கள்.  பிறகு கிளார்க் அம்மாதான் முதலில் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. என் பக்கத்தில் இருந்த ரஞ்சித் என் கையை நசுக்கிவிட்டார்.

அண்ணா, நீங்கள் எனக்காக வளைந்து கொடுக்கவில்லை. உங்கள் அப்பாவையும் மறக்கவில்லை. இரண்டையும் விடாமல் ஒரு சுவரைக் கட்டி என் கடையைத் திறந்து கொடுத்திருக்கிறீர்கள். மார்கிட்டைப்போல இன்னொருவரை வேறெங்கும் பார்க்கவில்லை என்று முன்பு எழுதினேன். அதைத் திருத்திக்கொள்கிறேன்.

செல்வி


ஜூலை 7, 2025

அன்புள்ள செல்விக்கு,

புகழ்ச்சியை யூனிஸ் வாசித்துவிட்டு, இதை ஃப்ரேம் போட்டு மாட்டவா என்று கேட்கிறாள். வேண்டாம் என்றேன்.

இது கமிட்டி சொல்லி எழுதுகிற கடிதம். உன் வக்கீலுக்கும் காட்டலாம். ஹார்ட்ஸ்ஃபெரி தமிழ்ச் சபை ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஃபெரி ஹவுஸ் லாட்டில் வண்டி நிறுத்த உன்னிடம் அனுமதி கேட்கிறது. இத்தனை வருஷம் கேட்காமலே நிறுத்தினோம். மார்கிட் அம்மாளிடம் நன்றி சொல்லவும் எங்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை. நீ அனுமதியை எழுத்தில் தந்தால் கோப்பில் வைத்துக்கொள்வோம். போன ஞாயிறு எல்லாரும் தெருவில் தூரத்தூர நிறுத்திவிட்டு நடந்து வந்தார்கள். உன் பதில் வரும்வரை அப்படித்தான் வருவார்கள்.

தேவநேசன்
செயலாளர்


ஜூலை 12, 2025

அண்ணா,

தபாலை நம்பாமல் இதைத் தீக்ஷா கையில் கொடுத்தனுப்புகிறேன். போன ஞாயிறு நானும் ஜன்னலில் நின்று பார்த்தேன். வீல்சேரைத் தள்ளிக்கொண்டு அந்த வெயிலில் அவ்வளவு தூரம் வருகிறார்கள், இங்கே லாட் காலியாகக் கிடக்கிறது. பார்க்கச் சகிக்கவில்லை.

அனுமதி கேட்டிருக்கிறீர்கள். தர மாட்டேன். நான் கொடுத்தால் அது என்னிடம் வாங்கியது ஆகிவிடும். நான் எழுதிக் கொடுத்தால், எனக்குப் பின்னால் வருகிறவர்கள் அதைக் கிழிக்கவும் முடியும். உங்களுக்கு இந்த இடத்தை மார்கிட் கொடுத்துவிட்டாள், எல்லார் முன்னாலும் எழுந்து நின்று வாயால் சொல்லிக் கொடுத்தாள். கொடுத்ததைக் கேட்டு ஏன் இன்னொரு தடவை வரிசையில் நிற்கிறீர்கள்?

நாளைக்கு வண்டியை லாட்டிலேயே நிறுத்துங்கள்.

செல்வி